வண்டியின் சாவி யார் கையில்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் கூட்டங்களில் கல்வியைப் பற்றியும், கூட்டுறவைப் பற்றியும், கல்யாணச் செலவைக் குறைப்பது பற்றியும் எத்தனையோ உபந்நியாசங்கள் நடந்திருக்கின்றன. இன்று மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் லாரித் தொழிலால் தலையெடுத்த குடும்பங்கள் நம்மில் பல. வண்டியின்மேல் தவணைக் கடன் கொடுக்கும் தொழிலிலும் நம்மவர் அநேகர் இருக்கின்றனர். சொந்தக் கார் வைத்திருக்கும் வீடுகளும் ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. ஆதலின் வண்டிக்கு வரும் தீங்கு நம் குடும்பத்துக்கு வரும் தீங்கேயாகும்.

சென்ற மாதம் நமது சங்கக் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு சிறு சம்பாஷணையே இப்பேச்சுக்குக் காரணம். முகூர்த்த நேரம் நெருங்கியும் பெரியவர் ஒருவரின் குமாரர் வந்து சேரவில்லை. பெரியவர் தம் கைபேசியை எடுத்துப் பார்த்து, "கவலை வேண்டாம், வண்டி சங்ககிரியைத் தாண்டிவிட்டது" என்றார். படத்தில் ஒரு சிறு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. யாவரும் மகிழ்ந்தோம். அப்போது அருகிலிருந்த ஓர் அம்மையார், "ஏனுங்க மாமா, வண்டி போற இடம் உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா, இல்லே வேறே யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். பெரியவருக்கு விடை தெரியவில்லை. அங்கிருந்த படித்தவர்கள் எவருக்கும் தெரியவில்லை. நாமும் வாய் திறவாதிருந்தோம். அந்த அம்மையாரின் கேள்விக்கு விடை சொல்ல முயல்வதே இன்றைய நம் நோக்கம்.

முதலில் இவ்வேற்பாடு எவ்வாறு நடக்கிறதென்று பார்ப்போம். இக்காலத்து வண்டி வெறும் இரும்பும் எண்ணெயுமாய் நின்றுவிடுவதன்று. என்ஜினை ஆள ஒன்று, பிரேக்கை ஆள ஒன்று, கதவை ஆள ஒன்று எனப் பல சிறு கம்ப்யூட்டர்கள் அதனுள் இருக்கின்றன. புதிய வண்டிகள் பலவற்றில் நம் கைபேசியில் இருப்பதைப் போன்ற ஒரு சிம்மும் உண்டு. அதன் மூலம் வண்டியானது தன்னைச் செய்த கம்பெனியின் கம்ப்யூட்டர்களோடு உரையாடிக்கொண்டேயிருக்கிறது. அக்கம்ப்யூட்டர்கள் இருக்குமிடத்தைக் 'கிளவுட்', அதாவது மேகம், என்கிறார்கள். பெயரைக் கேட்டு அது ஆகாயத்தில் மிதப்பதாக எண்ணிவிடலாகாது. எங்கோ பெருங்கட்டிடங்களுக்குள் வரிசை வரிசையாய் யந்திரங்கள் அடுக்கிய கிடங்குகளே அந்த மேகம்.

நாம் கைபேசியைத் தொட்டுக் கதவைத் திறக்கச் சொன்னால், பெரும்பாலும் அக்கட்டளை வாசலில் நிற்கும் வண்டிக்கு நேரே போவதில்லை. முதலில் அக்கிடங்குக்குப் போகிறது. இவர் உடையவர்தான் என்று அங்குள்ள யந்திரம் ஒப்புக்கொண்ட பின்னர், அங்கிருந்து திரும்பி வண்டிக்கு வருகிறது. ஆக, ஒரு சாவி நம் மடியிலும், இன்னொரு சாவி நாம் கண்டிராத கிடங்கிலும் இருக்கின்றன.

இதனால் நன்மை இல்லையென்று சொல்ல வரவில்லை. ஐரோப்பிய யூனியனில் 2018ஆம் ஆண்டு மார்ச்சு 31 முதல் புதிய மாதிரிக் கார்கள், பெரும் விபத்து நேர்ந்தால் தாமாகவே 112 என்ற எண்ணை அழைத்து இடத்தைச் சொல்லவேண்டுமென்று சட்டம் செய்தார்கள். நினைவிழந்து கிடப்பவனுக்கு அது மறுபிறவி தருவதாகும். நம் தேசத்திலும் 2019 ஜனவரி முதல் பதிவாகும் பொதுப் போக்குவரத்துப் பயணிகள் வாகனங்களில் இடங்காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் வேண்டுமென்று விதி வந்தது. களவு போன லாரியை மீட்கவும் இது உதவுகிறது. நன்மை மெய்யே. ஆயினும் நன்மை வரும் அதே வாசல் வழியாகத் தீமையும் வரக்கூடுமாதலால், வாசலைக் காப்பவர் யாரென்று விசாரிக்கவேண்டியது நம் கடமையாகின்றது.

தீமை இருவகைப்படும். ஒன்று உயிருக்கு நேர்வது. மற்றொன்று அந்தரங்கத்துக்கு நேர்வது.

உயிருக்கு நேர்வதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவில் வெளியான செய்தி ஒன்று உலகத்தையே திடுக்கிடச் செய்தது. சார்லி மில்லர், கிரிஸ் வாலசெக் என்ற இரு நிபுணர்கள் ஒரு பரீட்சை செய்து காட்டினார்கள். ஆண்டி கிரீன்பெர்க் என்ற பத்திரிகாசிரியர், பரீட்சை நடக்குமென்று அறிந்தே, செயின்ட் லூயிஸ் நகரத்து நெடுஞ்சாலையில் மணிக்கு எழுபது மைல் வேகத்தில் ஒரு ஜீப் செரோக்கி வண்டியை ஓட்டினார். நிபுணர்களோ பத்து மைலுக்கப்பால் வீட்டுக்குள் அமர்ந்திருந்தனர். திடீரென்று வண்டியில் குளிர்காற்று வீசிற்று, ரேடியோ அலறிற்று, கண்ணாடி துடைப்பான்கள் ஆடின. பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வேகம் எழவில்லை. பின்னால் லாரிகள் வர, நெடுஞ்சாலை நடுவே வண்டி தவழ ஆரம்பித்தது. பின்னர் வெற்றிடமொன்றில் பிரேக்கையும் பிடிக்கவொட்டாமற் செய்தார்கள். வண்டி பள்ளத்தில் இறங்கிற்று.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? பாட்டுக்கும் படத்துக்குமாக வைத்த பெட்டி செல்போன் கம்பெனியின் வலையோடு இணைந்திருந்தது. அதில் ஒரு வாசல் காவலின்றித் திறந்து கிடந்தது. அதன் வழியே புகுந்தவர்கள், பெட்டிக்குள்ளிருந்த ஒரு சில்லின் மென்பொருளை மாற்றி, வண்டியின் உட்கம்பிகளில் கட்டளைகளை அனுப்பினார்கள். கேன் என்று வழங்கும் அந்த உட்கம்பி முறையை ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1986இல் வெளியிட்டனர். வண்டி வெளியுலகோடு பேசாத காலத்து ஏற்பாடு அது. கூட்டுக்குடும்பத்து முற்றத்தில் ஒருவர் குரல் கொடுத்தால் எல்லா அறைகளிலும் கேட்பதுபோல, அதில் ஒரு கருவி சொல்வது எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும். சொன்னது யார் என்று விசாரிக்கும் வழக்கம் அதற்கில்லை. வீட்டார் மட்டும் இருந்தவரை அதனால் தோஷமில்லை. தெருவாசல் திறந்துவிட்ட பின்னரும் விசாரிக்காமலிருந்ததே ஆபத்தாயிற்று. அம்மாதமே பதினான்கு இலட்சம் வண்டிகளைச் சீர்திருத்தத்திற்குத் திருப்பியழைப்பதாகக் கம்பெனியார் அறிவித்தனர். செல்போன் வலையில் அந்த வாசலும் அடைக்கப்பட்டது.

அதற்கடுத்த ஆகஸ்டு மாதத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியேகோ பிரிவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் வேறொன்று காட்டினர். வண்டியைப் பரிசோதிப்பதற்கென்று ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பொருத்துமிடம் உண்டு. அதில் செருகும் கருவி ஒன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே, மெதுவாய்ச் செல்லும் ஒரு கார்வெட் காரின் பிரேக்கைப் பிடிக்கவும் விடவும் செய்தனர். லாரிக்காரராகிய நம்மவர் இதை முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். விலை மலிவென்று பெயர் தெரியாத கருவிகளை வண்டியில் மாட்டுவது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பதற்கொப்பாகும்.

தவணைக் கடன் கொடுப்போர் கவனிக்கவேண்டிய விஷயமும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் கார் விற்பனையாளர் ஒருவர், தவணை தவறினால் தூரத்திலிருந்தே காரை நிறுத்தவும், ஹாரனை ஊதவும் கூடிய கருவிகளைப் பொருத்தி வைத்திருந்தார். 2010ஆம் ஆண்டில் வேலை நீங்கிய சிப்பந்தி ஒருவர், வேறொரு சிப்பந்தியின் இரகசியச் சொல்லைக்கொண்டு உள்ளே புகுந்து, நூற்றுக்கும் அதிகமான கார்களை முடக்கினார். சிலவற்றின் ஹாரன் நள்ளிரவிலும் ஓயாமல் ஊதிற்று. தவணையை ஒழுங்காய்க் கட்டினவர்களே வேலைக்குப் போகமுடியாமல் தவித்தனர். பிறரை நிறுத்தும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர், அவ்வதிகாரம் தம் கையை விட்டு எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

நிற்க. இனி அந்தரங்கத்துக்கு நேரும் தீமையைப் பார்ப்போம். உயிராபத்துச் செய்தி யாவரையும் எழுப்பிவிடுகிறது. அந்தரங்கம் போவதோ சத்தமில்லாமல் நடப்பது, போனவனுக்கே தெரிவதில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானிய டொயோட்டா கம்பெனியார், அந்நாட்டு வாடிக்கைக்காரர் ஏறக்குறைய 21 இலட்சத்து 50 ஆயிரம் பேருடைய வண்டி விவரங்கள் வெளியார் பார்க்கக்கூடிய நிலையில் இருந்ததாக ஒப்புக்கொண்டனர். 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை அந்நிலை நீடித்தது. திருடர் எவரும் பூட்டை உடைக்கவில்லை. மேகத்துக் கிடங்கைச் சரியாய் அமைக்காத அஜாக்கிரதையே காரணம். பூட்டாத கதவு கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படவில்லை!

2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் வெளிப்பட்டதும் இதனையொத்ததே. வோல்க்ஸ்வாகன் குழுவின் மின்சாரக் கார்கள் சுமார் எட்டு இலட்சத்தின் விவரங்கள் மாதக்கணக்காகக் காவலின்றிக் கிடந்தன. அவற்றுள் சுமார் 4,60,000 கார்கள் எங்கெங்கே நின்றன என்பதும் இருந்தது. சில கார்களுக்கு அது பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் துல்லியமாயிருந்தது. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற சங்கத்தார் இதையறிந்து கம்பெனிக்கு எச்சரிக்கை செய்து அடைக்கச் செய்தனர்; டெர் ஸ்பீகல் பத்திரிகை பிரசுரித்தது. அரசியல்வாதிகளின் கார்களும், ஹாம்பர்க் போலீசாரின் கார்களும் அவற்றுள் இருந்தன. போலீசாருக்கே இக்கதியென்றால் ஏனையோரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

இவை அஜாக்கிரதையால் வந்தவை. தெரிந்தே விற்றதும் உண்டு. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட செய்தி இது: ஜெனரல் மோட்டார்ஸ் கார் வைத்திருந்த ஒருவருக்கு இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் 21 சதவிகிதம் உயர்ந்தது. காரணம் தேடியபோது, ஆறு மாதங்களில் அவரும் அவர் மனைவியும் சென்ற 640 பிரயாணங்களின் விவரம் ஒரு தரகுக் கம்பெனியிடம் இருந்தது. எப்போது புறப்பட்டார், எவ்வளவு தூரம் போனார், சட்டென்று வேகமெடுத்தாரா, சட்டென்று பிரேக் போட்டாரா என்பதெல்லாம் அதில் கண்டிருந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தகக் கமிஷனார், மூன்று விநாடிக்கொரு முறைகூடக் காரின் இடத்தைக் குறித்துக்கொண்டதாகக் கம்பெனியின்மேல் குற்றஞ்சாட்டி, ஐந்தாண்டுகளுக்கு அத்தகைய தரகருக்கு விவரங்கொடுக்கலாகாதென்ற ஏற்பாட்டை வெளியிட்டனர். காரை வாங்கியவர் பணமும் கொடுத்தார்; தம் குடும்பத்தின் போக்குவரத்தையும் கொடுத்தார்.

"நமக்கு மறைக்கவேண்டியது என்ன இருக்கிறது? போவதும் வருவதும் தெரிந்தால்தான் என்ன?" என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு நாம் சொல்வது இது. பெண்ணுக்கு வரன் பார்க்கப் போகிறோம். பேச்சு முடியுமுன் ஊருக்குத் தெரிய விரும்புகிறோமா? வீட்டில் ஒருவருக்கு வியாதி கண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வாரந்தோறும் போகிறோம். அதை வியாபாரப் போட்டிக்காரர் அறிவது நலமா? கடன் கேட்டு ஒருவர் வாசலில் நிற்கிறோம். வக்கீல் வீட்டுக்கு இரவில் போகிறோம். இவற்றில் குற்றம் எதுவுமில்லை. ஆயினும் இவை நம்முடையவை. வீட்டார் அனைவரும் வெளியூர் போயிருப்பதைக் கள்வன் அறிந்தால் நேர்வதை நாம் சொல்லவேண்டுவதில்லை. மறைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கும் நம் முன்னோர் கதவு வைத்தே கட்டினார்கள்.

தாய்மார்கள் விஷயத்தில் இது மேலும் கடுமையாகின்றது. கொடுமை தாளாமல் கணவன் வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணைக் காரின் வழியாகவே தேடிப் பின்தொடரும் துன்பம் அமெரிக்காவில் வெளிப்பட்டு, 2024 செப்டம்பரில் கலிபோர்னியா மாகாணத்தார் அதற்கென்றே சட்டம் செய்தார்கள். பாதிக்கப்பட்டவர் உரிய அத்தாட்சியோடு கேட்டால், கொடுமை செய்தவரின் கைபேசி காரைத் தொடமுடியாதபடி கம்பெனியார் துண்டிக்கவேண்டுமென்பது அதன் கருத்து. அன்பால் பார்க்கும் கண்ணுக்கும் சந்தேகத்தால் பார்க்கும் கண்ணுக்கும் யந்திரம் வித்தியாசம் அறியாது.

சட்டம் நம்மைக் காக்காதா என்றால், காக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24இல் நமது சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாய்த் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டில் தனிமனிதர் விவரங்களைக் காக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாய் அமலுக்கு வருமாறு வகுக்கப்பட்டன. சம்மதம் கேட்கும் கம்பெனி, அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வகைசெய்யவேண்டும் என்பதும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. ஐரோப்பிய யூனியனிலோ, ஐக்கிய நாடுகளின் 155ஆம் விதிப்படி, வண்டியின் கம்ப்யூட்டர் காவலைக் கம்பெனியார் நிரூபித்தாலொழிய 2024 ஜூலைக்குப் பின் புதிய கார்களை விற்க இயலாது. ஆயினும் உரிமையை அறிந்து கேட்பவனுக்கே சட்டம் துணையாகும். கேளாதவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, விற்பனை. சார்லஸ் ஹெண்டர்ஸன் என்ற ஐ.பி.எம். நிபுணர் தம் காரை விற்றுப் பல ஆண்டுகளான பின்னும், அது நிற்கும் இடத்தைத் தம் கைபேசியில் காணவும், கதவைத் திறக்கவும் முடிந்ததென்று 2017இல் எடுத்துச் சொன்னார். ஆகவே வண்டியை விற்பவர் ஆர்.சி. புத்தகத்தையும் இரண்டாவது சாவியையும் கொடுப்பதுபோலவே, கம்பெனிக் கணக்கிலிருந்து வண்டியை நீக்கி, வண்டிக்குள் பதிந்த கைபேசி எண்களையும் அழித்துக் கொடுக்கவேண்டும். வாங்குபவர் அதைக் கேட்டு வாங்கவேண்டும். நம்மவருக்குள் நடக்கும் விற்பனையில் இதனை வழக்கமாகவே ஆக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சீர்திருத்தம். கியா கம்பெனியின் அமெரிக்கக் கார்களை நம்பர் பிளேட் ஒன்றைக்கொண்டே திறக்கவும் கிளப்பவும் வழியிருந்ததென்று சில நிபுணர்கள் கண்டு சொல்ல, 2024 ஆகஸ்டில் அது அடைக்கப்பட்டது. கிடங்கில் உள்ள ஓட்டையைக் கம்பெனியே அடைக்கும். வண்டிக்குள் உள்ள ஓட்டையை அடைக்க நம் ஒத்துழைப்பும் வேண்டும். கம்பெனி அழைத்தால் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளலாகாது.

மூன்றாவது, இரகசியச் சொல். கைபேசிக்கு வரும் எண்ணையும் இரகசியச் சொல்லையும் ஓர்க்ஷாப் பையனிடமோ விற்பனைப் பிரதிநிதியிடமோ கொடுத்து, 'நீயே போட்டுக்கொடு' என்பது நம்மிடையே பரவிய வழக்கம். அது வீட்டுச் சாவியைக் கொடுப்பதேயாகும்.

நான்காவது, சம்மதம். வண்டி வாங்கும் நாளில், மாலையும் எலுமிச்சம்பழமுமாய் நிற்கும் அவசரத்தில், காட்டிய இடத்திலெல்லாம் ஒப்புக்கொள்ளுகிறோம். படித்த பிள்ளைகள் வீட்டுக்கொருவராவது இருக்கிறார்கள். எந்த விவரம், யாருக்கு, எதற்காக என்று அவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். வண்டி ஓடுவதற்கு வேண்டாத சம்மதத்தை மறுக்கலாம்.

ஐந்தாவது, நம்மையே நோக்கிச் சொல்வது. லாரி முதலாளிகளாகிய நம்மவர் டிரைவரின் இருப்பிடத்தைக் கைபேசியில் பார்க்கின்றனர். சரக்குக்கும் பத்திரத்துக்கும் அது அவசியமே. ஆயினும் பார்க்கிறோம் என்பதை அவரிடம் முன்னதாகச் சொல்லிவிடுவது நியாயம். அவர் எந்தக் கோயிலில் நின்றார், யார் வீட்டில் உண்டார் என்பதை ஷெட்டில் உட்கார்ந்து கேலி பேசுவது நியாயமன்று. பெரிய கம்பெனி நமக்குச் செய்யலாகாதென்று நாம் முறையிடுவதை, நம்மிடம் கூலி வாங்குபவருக்கு நாம் செய்யலாமா? தவணைக்காரரும், ஓடும் வண்டியைத் தூரத்திலிருந்து நிறுத்துவதில்லையென்றும், வேலை நீங்கியவரின் அனுமதியை அன்றே ரத்துசெய்வதென்றும் உறுதிகொள்ளவேண்டும்.

நமது சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். கம்ப்யூட்டர் படித்த நம் வாலிபர்கள் சங்கக் கட்டிடத்தில் மாதமொரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, வருகிறவர் வண்டியையும் கைபேசியையும் பார்த்து, முந்தினவர் கணக்கு நீங்கியிருக்கிறதா, எதற்கெதற்குச் சம்மதம் கொடுத்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னால், பொருட்செலவின்றிப் பெரும் உபகாரமாகும்.

மண்டபத்தில் கேட்ட அம்மையாருக்கு அன்று வாய் திறவாதிருந்தோம். இன்று விடை சொல்லுகிறோம். அம்மா, அந்தப் புள்ளி பெரியவருக்கு மட்டும் தெரிவதன்று. வண்டியைச் செய்த கம்பெனிக்குத் தெரியும். கம்பெனி யாருக்குக் கொடுக்கிறதோ அவர்களுக்குத் தெரியும். கிடங்கின் கதவைப் பூட்ட மறந்தால் போகிறவர் வருகிறவர் எவருக்கும் தெரியலாம். இவற்றுள் எதைத் தடுக்கலாமென்பது, தாங்கள் கேட்டதைப் போன்ற கேள்வியை வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் கடையிலேயே கேட்பதைப் பொறுத்திருக்கிறது. பெரியவர்களும் படித்தவர்களும் கேட்கத் தோன்றாததைக் கேட்ட அவருக்கு இச்சபையின் சார்பாக வந்தனம் கூறுகிறோம்.